வீசிங் இருப்பவர் வீட்டில் பீக் ஃப்ளோ பார்ப்பது எப்படி

வீசிங் (ஆஸ்துமா) வந்தால் மூச்சுக்குழாயைச் சுற்றிய தசை இறுகுகிறது. நீல பம்ப் (இன்ஹேலர்) அதைச் சில நிமிடத்தில் தளர்த்திவிடும். உள்சுவர் வீங்கியிருப்பது வேறு சங்கதி. தூசிக்கும் பூஞ்சைக்கும் எதிர்ப்புச் செல்கள் தேவைக்கு மேல் சீறுவதால் வரும் வீக்கம் அது. அவற்றை அடக்கத்தான் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் இருக்கின்றன. 2025 மருத்துவ நோபல் இவை பற்றிய கண்டுபிடிப்புக்கே. ஆஸ்துமாவில் இந்த அடக்கும் வேலை தளர்ந்துபோகிறது. பிரவுன் பம்பின் ஸ்டெராய்ட் வீக்கத்தை வற்ற வைக்கும், ஆனால் வாரக்கணக்கில் எடுக்கும். "இப்ப சுகம்தானே" என்று நிறுத்தினால் வீக்கம் சத்தமில்லாமல் திரும்பும். செல்களை வீட்டில் எண்ண முடியாது. பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறு கருவியில் ஊதி, மூச்சு வெளியேறும் வேகத்தை அளக்கலாம். அந்த அளவுதான் பீக் ஃப்ளோ.

காலையில் எழுந்ததும், பின்னேரம் தேயிலை மலை வேலை முடிந்து இறங்கியதும், பம்ப் அடிக்கும் முன்பே ஊதுங்கள். நின்றபடி மீட்டரில் அளவு காட்டும் ஊசியை அடிக்குத் தள்ளி, நெஞ்சு நிறைய இழுத்து, குழலை உதட்டால் இறுக்கி, படாரென்று ஒரே ஊது. நீளம் கணக்கில்லை, வேகம்தான். மூன்று தடவை ஊதிக் கூடியதை மட்டும் எழுதுங்கள். விரல் ஊசியைத் தடுத்தால் அளவு குறையும். துப்புவது போல ஊதினால் பொய்யாகக் கூடும்.

காலை 320, பின்னேரம் 380 என்றால் வித்தியாசம் 60, நடு அளவு 350, அதாவது 17 சதவீதம். இந்த அன்றாடச் சதவீதத்தின் இரண்டு வாரச் சராசரி பெரியவர்களுக்கு 10ஐத் தாண்டினால் குழாய் இன்னும் அடங்கவில்லை.

கொழும்பில் ஊதியதோடு ஒப்பிட வேண்டாம். நுவரெலியா சுமார் 1,868 மீட்டர் உயரம். காற்று லேசானதால் சாதாரண மீட்டர் குறைத்துக் காட்டும். இங்கே சுகமாக இருந்த நாளில் ஊதிய ஆகக் கூடிய அளவே உங்கள் அளவுகோல். அது 400 என்றால் 320க்கு மேல் பயமில்லை. 200க்கும் 320க்கும் இடையில் நின்றால் கிளினிக் திகதி வரும்வரை காத்திராமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

பம்பின் மருந்தை நெஞ்சுக்குள் இழுக்க உதவும் ஸ்பேசர் குழல் இல்லையா? 500 மில்லிலீட்டர் பிளாஸ்டிக் போத்தல் போதும். கம்பியைப் பம்பின் வாய் வடிவத்துக்கு வளைத்து, சூடாக்கி, போத்தலின் அடியில் அழுத்தினால் துளை விழும். இடைவெளி இருந்தால் டேப் ஒட்டுங்கள். சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் காயவிடுங்கள். துணியால் தேய்த்தால் மின்னேற்றம் வந்து மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். பம்பைக் குலுக்கித் துளையில் செருகி ஒரு அடி, போத்தலின் வாய் வழியே மெதுவாக இழுத்துப் பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடியுங்கள். இரண்டு அடியைச் சேர்த்து அடிக்கக் கூடாது. பிரவுன் பம்புக்குப் பிறகு வாய் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும்.

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், விறகுப் புகையும் ஈரச் சுவரும்தான் பெரிய எதிரிகள். நோயாளியின் படுக்கை அடுப்புப் பக்கம் வேண்டாம். வெயிலே வராத வாரங்களில் போர்வையைக் கொதிநீரில் அலசுங்கள்.

அளவு உங்கள் அளவுகோலில் பாதிக்குக் கீழே போனால், அல்லது ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல மூச்சு விடாவிட்டால், முதலில் 1990 அம்புலன்ஸ் எண்ணுக்கு அழையுங்கள். தோட்டத்துப் பாதையில் அம்புலன்ஸ் ஏறி வர நேரமெடுக்கும். அதுவரை நீல பம்பை ஸ்பேசரில் ஒவ்வொரு அடியாக 4 முதல் 10 தடவை, 20 நிமிடத்துக்கு ஒருமுறை கொடுங்கள். ஆளைப் படுக்க வைக்காதீர்கள், நிமிர்ந்து உட்காரட்டும்.