மேக்ரோவோட வேல்யூவை ஸ்ட்ரிங்கா மாத்துறது எப்படி (சி ப்ரீப்ராசஸர்)

சி-ல ஒரு மேக்ரோவுக்கு 63னு வேல்யூ குடுத்திருக்கீங்க, அதே 63 ஒரு ஸ்ட்ரிங்குக்குள்ளயும் வேணும். ஸ்ட்ரிங்கா மாத்துற # ஆபரேட்டர் இருக்கேன்னு நேரா போட்டீங்கன்னா 63 வராது, மேக்ரோவோட பேரு தான் வரும். நான் ஒருதடவை இப்படித்தான் வெர்ஷன் நம்பரை பிரிண்ட் பண்ணப்போய், நம்பர் வரவேண்டிய இடத்துல "வெர்ஷன்"னே வந்து நின்னுச்சு, எங்க தப்புன்னு புரியவே பாதி நாள் போச்சு.

காரணம் இதான்: # பக்கத்துல இருக்கற ஆர்கியுமென்ட்டை ப்ரீப்ராசஸர் (கம்பைலுக்கு முன்னாடி மேக்ரோ பேருக்கு பதிலா அதோட வேல்யூவை வைக்கறது, அதாவது விரிக்கறது) விரிக்கவே விரிக்காது, நீங்க எழுதினதை அப்படியே கோட்ஸுக்குள்ள வச்சிடும். 1989 ஆன்சி ஸ்டாண்டர்டுலயே ரூல் இதுதான். அதனால நடுவுல இன்னொரு மேக்ரோ வேணும் (கீவேர்டையெல்லாம் இங்க தமிழ்ல எழுதியிருக்கேன், நீங்க இங்கிலீஷ்ல அடிச்சுக்குங்க):

#டிஃபைன் உள்சரம்(அ) #அ
#டிஃபைன் சரம்(அ) உள்சரம்(அ)
#டிஃபைன் நீளம் 63

உள்சரம்(நீளம்)னா "நீளம்", சரம்(நீளம்)னா "63". வெளி மேக்ரோவுல # இல்லாததால அங்க நீளம் முதல்ல 63 ஆயிடுது, அப்புறம் தான் உள்ள போகுது, அவ்ளோதான் சூட்சுமம்.

இது நிஜமாவே உதவுற இடம் ஸ்கேன்எஃப்:

சார் பேர்[நீளம் + 1];
ஸ்கேன்எஃப்("%" சரம்(நீளம்) "எஸ்", பேர்);

பக்கத்து பக்கத்துல இருக்கற ஸ்ட்ரிங்குகளை கம்பைலரே ஒட்டிடும், அதனால "%63எஸ்"னு ஆயிடும், பஃபர் சைஸை நாளைக்கு மாத்தினாலும் ஒரே இடத்துல மாத்தினா போதும், ஓவர்ஃப்ளோ பயம் இல்ல. அந்த +1 கடைசில வர்ற நல் கேரக்டருக்கு, அதை விட்டுடாதீங்க.

ஆனா ஒண்ணு, இங்க நீளத்தை (63)னு ப்ராக்கெட் போட்டு டிஃபைன் பண்ணிடாதீங்க, "%(63)எஸ்"னு வந்து ஃபார்மேட்டே கெட்டுடும். அதேமாதிரி 60+3னு எழுதினா "60+3"னு தான் வரும், ப்ரீப்ராசஸர் இங்க கணக்கு போடாது, வெறும் எழுத்தைத் தான் பாக்கும். ஈனம் (enum, நம்பருக்கு பேரு வைக்கறது), சைஸ்ஆஃப் எல்லாத்துக்கும் இதே கதி, ஈனம் பேரு தான் கிடைக்கும், நம்பர் கிடைக்காது.

வேல்யூவுக்குள்ள கமா இருந்தா ரெண்டு ஆர்கியுமென்ட்னு எண்ணி எரர் வரும், அப்போ ரெண்டு மேக்ரோவையும் மூணு புள்ளி வச்சு வேரியாடிக்கா (எத்தனை ஆர்கியுமென்ட் வேணா வாங்கிக்கற மாதிரி) எழுதிக்குங்க, சி99ல இருந்து இருக்கு.

மேக்ரோ பேருல ஸ்பெல்லிங் தப்புனா எரரும் வராது வார்னிங்கும் வராது, அந்த தப்பான பேரே ஸ்ட்ரிங்கா உக்காந்துக்கும், இதுதான் ரொம்ப படுத்தும். சந்தேகம் வந்தா ஜிசிசி கம்பைலர்ல -ஈ (கேப்பிடல் E) போட்டு ஓட்டுங்க, விரிச்சதுக்கு அப்புறம் என்ன இருக்குன்னு கண்ணாலயே பாத்துடலாம்.