உங்களுக்குத் திறக்கும் லிங்க் மற்றவர்களுக்கு ஏன் திறப்பதில்லை?

இன்ட்ராநெட் பக்கத்தில், அதாவது அலுவலகத்துக்குள் மட்டும் திறக்கும் தளத்தில், "பயணச் செலவுப் படிவம்" என்று ஒரு லிங்க் வைக்கிறீர்கள். கிளிக் செய்தால் ஷேர்டு ஃபோல்டரில் இருக்கும் எக்செல் ஃபைல் திறக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கிளிக் செய்தால் எதுவுமே நடப்பதில்லை, பிழைச் செய்திகூட வருவதில்லை. உடனே பாத்தில் (ஃபைல் இருக்கும் முகவரியில்) எழுத்துப்பிழை தேடுவதுதான் பலரும் செய்கிற முதல் தவறு.

பாத் சரியாகவே இருக்கலாம். தடுப்பது பிரவுசர். வெப் சர்வரிலிருந்து வந்த பக்கம், ஃபைல் சர்வரில் உள்ள ஃபைலை நேரடியாகத் திறக்க க்ரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ் எதுவும் இயல்பாக விடுவதில்லை. பிரவுசரின் பிழைக் குறிப்புகள் வரும் டெவலப்பர் கன்சோலைத் திறந்து பார்த்தால்தான் "அனுமதி இல்லை" என்ற வரி கண்ணில் படும். இதை வெறும் பிடிவாதம் என்று சொல்ல முடியாது. முன்பின் தெரியாத ஒரு தளம் உங்கள் கணினியைத் தன் ஷேரை (நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டரை) தொட வைத்துவிட்டால், விண்டோஸ் தானாகவே லாகின் செய்ய முயன்று, பாஸ்வேர்டை உடைக்க உதவும் தகவலை அந்தத் தளத்துக்கு அனுப்பிவிடக்கூடும்.

"முன்பு வேலை செய்ததே?" என்பவர்கள் அநேகமாக இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் காலத்தை நினைக்கிறார்கள். அது இன்ட்ராநெட் தளங்களுக்கு இந்தச் சலுகையைத் தந்தது. விண்டோஸ் 10-இல் அதற்கான பொது ஆதரவு 2022 ஜூன் 15-இல் முடிந்தது. அதற்காக ஒவ்வொரு ஊழியரையும் ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன் போடச் சொல்லாதீர்கள். எட்ஜ் 95-ஆம் பதிப்பிலிருந்து, இத்தகைய லிங்க்குகளை விண்டோஸின் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் திறக்க விடும் ஒரு பாலிசி, அதாவது நிறுவனம் முழுவதற்குமான அமைப்பு, இருக்கிறது. அட்மின் ஒரே இடத்தில் அதை இயக்கலாம். தளம் விண்டோஸ் அலுவலகத் தளம் என்று கருதும் இன்ட்ராநெட் மண்டலத்தில் இருக்க வேண்டும், எச்டிடிபிஎஸ் வழியாக வர வேண்டும்.

அடுத்தது டிரைவ் எழுத்து. உங்கள் கணினியில் இசட் டிரைவ் என்பது கணக்குப் பிரிவின் ஃபோல்டர். பக்கத்து மேசைக்காரருக்கு அதே இசட் வேறு ஃபோல்டராக இருக்கலாம், இல்லாமலே போகலாம். என்னுடைய லிங்க் ஒன்று இப்படித்தான் ஒரு வாரம் எனக்கு மட்டும் திறந்துகொண்டிருந்தது. சர்வர் பெயர், ஷேர் பெயர் என்று முழு முகவரியை எழுதுங்கள். அதிலும் சர்வர் பெயரை நேரடியாகப் போட்டால், நாளை சர்வரை மாற்றும்போது எல்லா லிங்க்குகளும் ஒரே நாளில் உடையும். டிஎஃப்எஸ் நேம்ஸ்பேஸ் (உண்மையான சர்வர் பெயரை மறைத்து ஒரு பொதுப் பெயர் தரும் விண்டோஸ் வசதி) இருந்தால் அதன் பெயரைப் பயன்படுத்துங்கள்: பின்னால் சர்வர் மாறினாலும் முகவரி மாறாது.

ஃபைல் பெயரிலும் கவனம் வேண்டும். லிங்க்கில் இடைவெளிக்கு %20 என்றும், # குறிக்கு %23 என்றும், % குறிக்கே %25 என்றும் எழுத வேண்டும். "அறிக்கை #3" என்ற ஃபைலில் # குறியை அப்படியே விட்டால், அதற்குப் பின்னால் வருவதைப் பக்கத்துக்குள் இருக்கும் ஓர் இடத்தின் பெயர் என்று பிரவுசர் எடுத்துக்கொள்ளும். பேக்ஸ்லாஷ்களையும் சாதாரண ஸ்லாஷ்களாக மாற்றிவிடுங்கள்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று, ஷேர்டு ஃபோல்டரை வெப் சர்வர் வழியாகவே கொடுத்துவிடுபவர்கள் உண்டு. படிக்க மட்டும் தேவைப்படும் படிவம், கையேடு, பிடிஎஃப் போன்றவற்றுக்கு இதுதான் என் கணக்கில் நல்ல வழி. ஆனால் இங்கேதான் பெரிய தவறுகள் நடக்கின்றன. வெப் சர்வர் பெரும்பாலும் தனக்கென ஒரு கணக்கைக் கொண்டு ஃபோல்டரைப் படிக்கும். அந்தக் கணக்குக்கு முழு ஷேரையும் திறந்துவிட்டு, ஃபோல்டர் பட்டியலைக் காட்டும் வசதியையும் இயக்கிவிட்டால், சம்பள ஃபைல்வரை எல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஷேரில் தனித்தனியாகக் கொடுத்திருந்த அனுமதிகள் அங்கே காவல் காக்காது. வெளியிட வேண்டியதை மட்டும் தனி ஃபோல்டரில் வையுங்கள், அந்தக் கணக்குக்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள்.

இன்னொரு சிக்கல் மெதுவாகத்தான் தெரியவரும். இந்த வழியில் கிளிக் செய்தால் கிடைப்பது பெரும்பாலும் மூல ஃபைலின் நகல். ஒருவர் அதைத் திருத்தி, சேமித்து, மூடிவிடுவார். திருத்தம் அவருடைய டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் தூங்கும். மறுநாள் "என் மாற்றத்தை யார் அழித்தது?" என்று கேட்பார். பலர் சேர்ந்து திருத்தும் ஃபைலுக்கு முழு பாத்தை எழுத்தாகவே பக்கத்தில் காட்டி, அதன் அருகே ஒரு காப்பி பட்டன் வைத்துவிடலாம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டியில் ஒட்டினால் மூல ஃபைலே திறக்கும். அழகாக இருக்காதுதான், ஆனால் எந்த பிரவுசராக இருந்தாலும் வேலை நடக்கும்.

அப்புறம், சோதனை. அட்மின் கணக்கில் லாகின் செய்து பார்த்துவிட்டு "திறக்கிறதே" என்று சொல்லாதீர்கள். அட்மினுக்கு ஏறக்குறைய எல்லாமே திறக்கும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவரின் கணினியில் ஒருமுறை, அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் போட்டு வீட்டிலிருந்து ஒருமுறை கிளிக் செய்து பாருங்கள்.