வெள்ளைச் சுவரை நம்பாதீர்கள்: கடலோர நவீனத்துவ வீடுகளில் நேரும் தவறுகள்

வெள்ளைச் சுவர், மொட்டையான கூரை, மூலையில் வளைந்து திரும்பும் ஜன்னல், கப்பலின் மேல்தளத்தில் இருப்பது போன்ற குழாய்க் கைப்பிடி. 1920, 30களில் கடலோர உல்லாச நகரங்களில் எழுந்த நவீனத்துவ வீட்டைத் தெருமுனையில் நின்றே அடையாளம் கண்டுவிடலாம். கண்டதும் தெரிந்துவிடுவதால், முழுவதும் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். அந்த வீட்டை வாங்குபவரும் பழுதுபார்ப்பவரும் அங்கேதான் சறுக்குகிறார்கள்.

வெள்ளையாக வழவழவென்று இருந்தால் அது கான்கிரீட் என்று எண்ணுவது முதல் தவறு. டென்மார்க்கின் கிளாம்பன்போர்க் கடற்கரையில் ஆர்னே யாகப்சன் வடிவமைத்து 1934இல் முடிந்த பெல்லாவிஸ்டா குடியிருப்பைப் பாருங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் கடல் தெரிய வேண்டும் என்பதற்காக வீடுகள் படிப்படியாக முன்னும் பின்னுமாகத் தள்ளி நிற்கும் அந்தக் கட்டடம், ஒரே வார்ப்பில் வந்தது போலத் தோன்றும். பூச்சுக்கு அடியில் பெரும்பாலும் செங்கல்தான். இங்கிலாந்தில் ஃபிரின்டன் கடற்கரையில் ஆலிவர் ஹில் 1930களில் திட்டமிட்ட குடியிருப்பிலும் செங்கல்லின் மேல் பூசிய வீடுகள் பல. புதிய யுகத்தின் தோற்றம், பழைய கொத்தனாரின் வேலை!

இது வெறும் வரலாற்றுத் தகவல் அல்ல. செங்கல் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயில் வந்தால் வெளியே விடும். அதன் மேல் 'வாட்டர் புரூஃப்' பெயின்டை அடித்தால், விரிசல் வழியே நுழைந்த மழைநீர் திரும்ப வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். இரண்டு மழைக்காலம் போனதும் படுக்கையறைச் சுவர் பூத்துப்போய் உப்பு உதிரும். எனவே பெயின்ட் வாங்கும் முன் கண்ணில் படாத ஒரு மூலையில் உள்ளங்கை அளவு பூச்சைக் கொத்திப் பார்த்துவிடுங்கள்.

உண்மையிலேயே கான்கிரீட்டாக இருந்தால் கவலை வேறு வகை. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் அந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். கடற்காற்றின் உப்போ அதற்குக்கூடக் காத்திருக்காமல் கம்பியைத் தாக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைக் கேட்கும். பால்கனியின் அடிப்பக்கத்தில் முதலில் மயிரிழை விரிசல், பிறகு பழுப்பு நிறக் கசிவு, பிறகு ஒருநாள் சில்லாகப் பெயர்ந்து விழும். விழுந்த இடத்தில் மட்டும் சிமென்ட் அப்பி வெள்ளை அடிப்பதுதான் நான் கண்டவற்றில் மிக மோசமான சிக்கனம். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். எங்கெல்லாம் 'டொக்' என்ற வெற்றொலி வருகிறதோ, அங்கெல்லாம் உள்ளே கம்பி வீங்கியிருக்கலாம். துருவைச் சுரண்டி எடுக்காமல் மேலே எதைப் பூசினாலும் வீண்.

கூரை விஷயம் சுருக்கமானது. மொட்டையான கூரை என்றால் சமமட்டமான கூரை என்று பொருளல்ல. 80 அடி நீளத்துக்கு ஓரடியாவது சரிவு இல்லையென்றால் தண்ணீர் தேங்கும். பழைய சரிவை மூடிப் புதிதாக ஓடு பதிப்பவர்கள் அதைத்தான் தொலைக்கிறார்கள்.

ஜன்னலை மாற்றுபவர்களிடம் எனக்குக் கோபமே உண்டு. மெல்லிய எஃகுச் சட்டத்தைக் கழற்றிவிட்டு, தடித்த பிளாஸ்டிக் சட்டத்தை மாட்டினால் கண்ணாடிப் பரப்பு சுருங்கி, வீடே சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டது போல் ஆகிவிடுகிறது. எஃகு துருப்பிடித்திருந்தால், சுரண்டித் துத்தநாகம் பூசி அதையே திரும்ப மாட்ட முடியுமா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

இன்னொரு தவறு, அதே பாணியில் புதிதாகக் கட்டுபவர்கள் செய்வது: கடலைப் பார்த்துச் சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்துவிட்டு ஏசியை நம்பியிருப்பது. பிரான்சின் தென்கரையில், ரோக்ப்ரூனில், ஐலீன் கிரே 1926 முதல் 1929 வரை கட்டிய ஈ.1027 வீட்டில் கண்ணாடிக்கு இணையாக நகரும் தடுப்புப் பலகைகள் உண்டு. வெயிலை மறைத்துக் காற்றை மட்டும் உள்ளே விடலாம்.

அந்த வீட்டை நெடுங்காலம் பலர், நவீனத்துவத்தின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே கட்டியதென்றே நினைத்தார்கள். அவர் செய்தது வேறு: கிரேயின் அனுமதி கேட்காமல் 1938, 39ஆம் ஆண்டுகளில் அதன் சுவர்களில் ஓவியம் தீட்டினார். பெயரைப் பிரித்துப் பார்த்திருந்தாலே குழப்பம் வந்திருக்காது. ஈ என்பது ஐலீன் (Eileen) என்ற பெயரின் ஆங்கில முதலெழுத்து. 10, 2, 7 என்பவை ஆங்கில அகரவரிசையில் ஜே, பி, ஜி எழுத்துகளின் இடங்கள். நடுவில் ஜே, பி என்று நிற்பவர் கிரேயின் துணைவர் ழான் பதோவிச்சி (Jean Badovici). இரு ஓரத்திலும் இருப்பது கிரேதான்.