ஸ்டியரிங் அலையுதா? அலைன்மென்ட்டுக்கு ஓடும் முன் பார்க்க வேண்டியவை

பழைய கார் வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே சொல்லும் புகார் ஒன்று உண்டு: "வண்டி நேரா நிக்க மாட்டேங்குது." ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. பைபாஸில் ஏறி எண்பதைத் தொட்டதும் வண்டி மெல்ல இடப்பக்கம் நழுவும். திருத்தினால் தேவைக்கு மேல் வலப்பக்கம் போகும். மறுபடி திருத்த வேண்டும். மதுரை போய்ச் சேர்வதற்குள் தோள்பட்டை கெஞ்ச ஆரம்பித்துவிடும்.

இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து வீல் அலைன்மென்ட். செய்து பார்ப்பார்கள். இரண்டு நாள் சரியானது போலத் தோன்றும், அப்புறம் பழைய கதைதான். அடுத்து யாராவது "ரேக் போயிருக்கும் சார்" என்பார். ஸ்டியரிங் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல்சட்டம்தான் ரேக். அதற்கும் ஆயிரக்கணக்கில் செலவழித்த பிறகும் வண்டி அலையும். இப்படிப் பணம் கரைகிற வண்டிகள் பலவற்றில் கோளாறு பெரிதாக இருப்பதில்லை. மலிவான இடத்தில் தொடங்கிப் படிப்படியாகப் போகாமல், நேராகக் கடைசிப் படியில் போய் நிற்பதுதான் பிரச்சினை.

எல்லாக் கோளாறும் ஒன்றல்ல

மெக்கானிக்கிடம் "ஸ்டியரிங் சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது முதல் தவறு. வண்டி எப்போதும் ஒரே பக்கம் போகிறது என்றால் அது இழுப்பு. பெரும்பாலும் டயர், காற்று, விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் கேலிப்பர் இவற்றில் ஒன்று காரணமாக இருக்கும். எண்பதுக்கும் நூறுக்கும் நடுவில் ஸ்டியரிங் வீல் கையில் நடுங்குகிறது, வேகம் மாறினால் நின்றுவிடுகிறது என்றால் அது வீல் பேலன்சிங் சமாச்சாரம். வளைவில் திருப்பிய வீல் தானாகத் திரும்பி வராமல், விட்ட இடத்திலேயே நிற்கிறது என்றால் எங்கோ ஏதோ இறுக்கிப் பிடிக்கிறது. வீலை இரண்டு விரல் அளவு ஆட்டியும் டயர் அசையவில்லை என்றால் அது ப்ளே. பல சிறிய கார்களின் கையேட்டில் வீல் விளிம்பில் 30 மி.மீ. வரை ஆட்டம் இருக்கலாம் என்றே போட்டிருக்கும். அதற்குமேல் போனால்தான் கவலை.

அலைச்சல் இவை எதிலும் சேராது. ஒரு பக்கம் என்றில்லாமல் இரண்டு பக்கமும் மாறி மாறி நழுவுவது அது. இழுப்புக்கு வைத்தியம் பார்க்கிற கடையில் அலைச்சலைச் சொன்னால், அவர்கள் இழுப்புக்கான வேலையைத்தான் செய்து அனுப்புவார்கள்.

இங்கே ரோட்டையும் காற்றையும் கொஞ்சம் கழித்துப் பார்க்க வேண்டும். மழைநீர் வடிவதற்காக நம் ரோடுகள் ஓரத்தை நோக்கிச் சற்றுச் சரிந்திருக்கும். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் நல்ல வண்டியும் கொஞ்சம் இடப்பக்கம் போகப் பார்க்கும். நாற்கரச் சாலையின் இடது தடத்தில் லாரிகள் ஓடி ஓடிப் பள்ளம் விழுந்திருந்தால், அகல டயர் போட்ட வண்டி அந்தப் பள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அலையும். ஆடி மாதத்தில் காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஓட்டியவர்களுக்குத் தெரியும், ஆம்னி, வேகன் ஆர் போன்ற உயரமான வண்டிகளை அந்தக் காற்று எப்படித் தள்ளும் என்று. ஆகவே காற்றில்லாத நேரத்தில், சமமான ரோட்டில், அதே மாடல் வேறொரு வண்டியையும் முடிந்தால் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் புகார் சொல்லுங்கள். சோதிக்கிறேன் என்று வேகத்தில் ஸ்டியரிங்கை முழுவதுமாக விட்டுவிடக் கூடாது. பிடியைத் தளர்த்தி, உள்ளங்கை தொட்டும் தொடாமலும் இருந்தால் போதும்.

டயரைப் பார்க்காமல் அடியில் படுப்பது

சலிப்பான வேலைதான், ஆனாலும் முதல் படி இதுதான். பெட்ரோல் பங்கில் பையன் பிடித்துவிட்ட காற்றை நம்பாதீர்கள். ஓடாமல் நின்ற வண்டியில், டயர் ஆறியிருக்கும்போது, சொந்த கேஜ் வைத்துப் பாருங்கள். சிறிய கார்களில் பெரும்பாலும் 30க்கும் 35 பிஎஸ்ஐக்கும் நடுவில் ஏதோ ஒரு எண்ணை கம்பெனி சொல்லியிருக்கும். டிரைவர் கதவைத் திறந்தால் பக்கத்துத் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். முன் டயரை மட்டும் பார்த்து விட்டுவிடுவது நிறையப் பேர் செய்வது. பின் டயரில் காற்று குறைந்தால் வண்டியின் பின்பகுதி மிதக்கும், ஓட்டுபவருக்கோ ஸ்டியரிங்தான் லூசாக இருப்பது போலத் தெரியும்.

அப்புறம் டயரின் வயது. பக்கச் சுவரில் DOT என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2319 என்றிருந்தால் 2019இன் 23ஆவது வாரத்தில் செய்தது. குறைவாக ஓடிய பழைய காரில் பட்டன் ஆழமாக இருக்கும், ரப்பரோ கல்லாகியிருக்கும். விற்பவர் "டயர் எல்லாம் புதுசு மாதிரி" என்று சொல்வது பெரும்பாலும் இந்த டயரைத்தான். நான்கு சக்கரத்தில் மூன்று பிராண்ட் இருந்தாலும் சந்தேகப்படுங்கள். புது டயர் இரண்டு வாங்கி முன்னால் போட்டுவிட்டு, தேய்ந்த இரண்டைப் பின்னால் தள்ளுவது நம் ஊர் வழக்கம். வேகத்தில், அதுவும் ஈரத்தில், நல்ல டயர் பின்னால் இருப்பதுதான் வண்டியை நிலையாக வைக்கும்.

ஒரு பைசா செலவில்லாத சோதனை ஒன்று: முன் டயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். இழுப்பு பக்கம் மாறினால் குற்றவாளி டயர். மாறாவிட்டால்தான் அடியில் பார்க்க வேண்டும். ஒரே திசையில் சுழல வேண்டும் என்று பக்கத்தில் அம்புக்குறி போட்ட டயருக்கு மட்டும் இது பொருந்தாது. முன்பிருந்தவர் ஆசைக்கு மாட்டிய அகல அலாய் வீல் இருந்தால், நண்பரிடமிருந்து கம்பெனி சைஸ் வீல் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள். சில வண்டிகளில் கதை அங்கேயே முடிந்துவிடும்.

அலைன்மென்ட் கடைசி வேலை

டோ, கேம்பர், காஸ்டர் என்று மூன்று கோணம். சக்கரத்தின் தலை உள்ளே சாய்கிறதா வெளியே சாய்கிறதா என்பது கேம்பர். முன் சக்கரங்களின் மூக்கு உள்ளே பார்க்கிறதா வெளியே பார்க்கிறதா என்பது டோ. வெளியே பார்த்தால் வண்டி ஒவ்வொரு சின்ன மேடுபள்ளத்துக்கும் திசை மாறப் பார்க்கும், அதுவே அலைச்சல். காஸ்டர் என்பது சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பது போன்ற சாய்வு, ஸ்டியரிங்கைத் தானாக நடுவுக்குக் கொண்டுவருவது அதுதான். அது குறைந்தால் ஸ்டியரிங் வீல் லேசாக இருக்கும், வண்டிக்குத் திசை ஞாபகம் இருக்காது.

நம் ஊர் ஹேட்ச்பேக்குகள் பலவற்றில் கடைக்காரர் திருக முடிவது முன் சக்கர டோவை மட்டும்தான். காஸ்டருக்குத் தனியாக அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. அந்த எண் தவறாக இருந்தால் ஏதோ வளைந்திருக்கிறது அல்லது மூட்டில் இருக்கும் ரப்பர் உறையான புஷ் கிழிந்திருக்கிறது என்று பொருள். எனவே "அலைன்மென்ட் பண்ணியாச்சு" என்ற வார்த்தையை வாங்கிக்கொண்டு வராமல், செய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த பிரிண்ட் அவுட்டைக் கேட்டு வாங்குங்கள். தாளில் எல்லாம் பச்சையாக வந்தபின்னும் வண்டி அலைகிறது என்றால், பெரும்பாலும் ஆட்டம் கண்ட மூட்டுகளோடு அளந்திருக்கிறார்கள். மெஷினில் நிற்கும்போது சரியாக இருக்கும் கோணம், ரோட்டில் பிரேக் மிதித்ததும் வேறாகிவிடும். தேய்ந்ததை மாற்றாமல் அலைன்மென்ட் செய்வது பணத்தை இரண்டு முறை கொடுக்கும் வழி.

ஜாக்கியில் தூக்கி ஆட்டிப் பார்த்தால் போதுமா

போதாது. இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும், நிறைய மெக்கானிக்குகளும் அவசரப்படுவது இங்கேதான்.

முதல் சோதனையை வண்டி தரையில் தன் எடையோடு நிற்கும்போதே செய்யுங்கள். பள்ளம் இருக்கும் ஷெட்டிலோ, சக்கரத்தோடு தாங்கும் லிஃப்டிலோ ஏற்றிக்கொள்ளுங்கள். பவர் ஸ்டியரிங் என்றால் இன்ஜின் ஓட வேண்டும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்க வேண்டும். ஒருவர் வீலை இடம் வலமாகக் கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல் ஆட்டட்டும். இன்னொருவர் அடியிலிருந்து ஒவ்வொரு மூட்டாகப் பார்க்கட்டும், விரலை வைத்தும் பார்க்கட்டும். ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் வெளிமூட்டான டை ராட் எண்ட், உள்மூட்டான ரேக் எண்ட், ரேக்கை பாடியோடு பிடித்திருக்கும் ரப்பர் புஷ், அப்புறம் ஸ்டியரிங் தண்டின் அடியில் இருக்கும் யுனிவர்சல் ஜாயின்ட். எந்த இடத்தில் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசைகிறதோ, அங்கேதான் ஆட்டம். யுனிவர்சல் ஜாயின்ட்டின் போல்ட் லூசானதைக் கவனிக்காமல் ரேக்கையே மாற்றியவர்கள் உண்டு.

அதன் பிறகு ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போக வேண்டாம். கடிகாரத்தில் மூன்று, ஒன்பது மணி இருக்கும் இடத்தில் டயரைப் பிடித்து ஆட்டினால் டை ராட் பக்கத்து ஆட்டம் தெரியும். பன்னிரண்டு, ஆறு மணியில் பிடித்து ஆட்டினால் வீல் பேரிங் அல்லது, சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் நுனியில் உள்ள பால் ஜாயின்ட். இரண்டில் எது? உள்ளே ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங், அப்படியே இருந்தால் பால் ஜாயின்ட். பால் ஜாயின்ட்டில் கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால் அந்த வண்டியை வீடு வரைக்கும்கூட ஓட்டாதீர்கள். அது கழன்றால் சக்கரம் மடிந்துவிடும்.

எளிதில் தப்பிவிடுவது லோயர் ஆர்மின் பின் புஷ். கையால் ஆட்டினால் அசையாது. கடப்பாரை மாதிரி ஒரு லீவர் கொடுத்து நெம்பினால்தான் ரப்பர் கிழிந்து வாய் பிளப்பது தெரியும். ஆக்சிலரேட்டர் மிதித்தால் ஒரு பக்கம், விட்டால் மறுபக்கம் என்று வண்டி போனால் முதல் சந்தேகம் இதன் மேல் வையுங்கள். இதை மாற்றும்போது நடக்கும் தவறு ஒன்று உண்டு. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஆர்ம் போல்ட்டை முழுவதும் டைட் செய்துவிடுவார்கள். வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கேறிய நிலையிலேயே நிற்கும், சீக்கிரம் கிழியும். போல்ட்டை மாட்டி வைத்துவிட்டு, வண்டியின் எடை சக்கரத்தில் வந்த பிறகுதான் கடைசியாக டைட் வைக்க வேண்டும். பக்கத்தில் நின்று இதைக் கேளுங்கள். மெக்கானிக் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

பின்பக்கத்தை மறப்பது, ஸ்க்ரூவைத் திருகுவது

ஸ்டியரிங் முன்னால் இருப்பதால் எல்லோரும் முன்னாலேயே தேடுகிறார்கள். ஸ்விஃப்ட் போன்ற வண்டிகளில் பின் அச்சு இரண்டு பெரிய புஷ்களில் தொங்குகிறது. அவை தளர்ந்தால் தடம் மாறும்போது பின்பகுதி கொஞ்சம் தாமதமாகத் தொடரும், ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் அடங்கும். ஆம்னியில் பின் லீஃப் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ஷாக்கிள் புஷ்ஷையும் யு போல்ட்டையும் பாருங்கள். செத்துப்போன பின் ஷாக் அப்சார்பரும் இதே வேலையைக் காட்டும். வெளிக் கடையில் கொடுத்து டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர் பொருத்திய வண்டியில் ஐம்பது அறுபது கிலோ எப்போதும் பின்னால் இருக்கிறது. ஸ்பிரிங் தொய்ந்து பின்பக்கம் தாழ்ந்தால் மூக்கு தூக்கும், முன் சக்கரத்தின் பிடி குறையும்.

இனி எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத ஒரு வைத்தியம். ரேக்கின் பின்னால் ஒரு அட்ஜஸ்ட்மென்ட் நட் இருக்கும். ஜிப்சி போன்ற ஸ்டியரிங் பாக்ஸ் வண்டிகளில் மேலே ஒரு ஸ்க்ரூ இருக்கும். "ப்ளேவா? ரெண்டு சுத்து கொடுத்தா சரியாயிடும்" என்று அதைத் திருகிவிடுவார்கள். நாம் பெரும்பாலும் நேராகவே ஓட்டுவதால் பல் தேய்ந்திருப்பது நடுப்பகுதியில் மட்டும். அங்கே ஆட்டம் போகும் அளவுக்கு இறுக்கினால், தேயாத ஓரங்களில் திருப்பும்போது பிடித்துக்கொள்ளும். வளைவில் திரும்பிய வீல் திரும்பி வராது. லேசான அலைச்சலை ஆபத்தான கோளாறாக மாற்ற இதைவிட மலிவான வழி இல்லை. வீல் திரும்பி வராத வண்டியில், ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் மவுண்ட் பேரிங்கையும் பாருங்கள். பானெட்டைத் திறந்து, ஒருவர் வீலைத் திருப்பும்போது ஸ்பிரிங்கைத் தொட்டால், பேரிங் பிடித்திருந்தால் ஸ்பிரிங் விட்டு விட்டுத் துள்ளுவது கையில் தெரியும்.

மின்சார பவர் ஸ்டியரிங் (இபிஎஸ்) வந்த வண்டிகளில் நடுப்பகுதியில் கொஞ்சம் உயிரில்லாதது போலத் தெரிவது சில மாடல்களின் பிறவிக் குணம். ஹைட்ராலிக் ஓட்டிப் பழகிய கைக்கு அது கோளாறாகத் தோன்றும். அதே மாடல் இன்னொரு வண்டியும் அப்படியே இருந்தால் விட்டுவிடுங்கள். டாஷ்போர்டில் இபிஎஸ் விளக்கு எரிந்தால் மட்டும் ஸ்கேனர் போடுங்கள். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் உள்ள வண்டியில், அலைன்மென்ட்டுக்குப் பிறகு ஸ்டியரிங் ஆங்கிள் சென்சாரை நடுவில் செட் செய்தார்களா என்று கேளுங்கள்.

இன்னும் பணம் கொடுக்காமல் வண்டி பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு: விற்பவரின் தெருவில் இரண்டு வளைவு ஓட்டிவிட்டு இறங்காதீர்கள், நாற்கரச் சாலைக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். வண்டி நேராகப் போகும்போது ஸ்டியரிங் வீல் கோணலாக நிற்கிறதா? பின்னால் வேறொரு வண்டியில் வருபவர் பார்த்தால் பின் சக்கரங்கள் முன் சக்கரத் தடத்திலிருந்து விலகி ஓடுகின்றனவா? அளவு நாடா வைத்து இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் முன், பின் சக்கர மையங்களுக்கு நடுவே அளந்து பாருங்கள். கணிசமான வித்தியாசம் இருந்தால் பெரும்பாலும் அடி வாங்கி சப்ஃப்ரேமோ பின் அச்சோ நகர்ந்த வண்டி அது. டை ராட், புஷ், டயர் எல்லாம் விலையில் கழித்துக்கொண்டு வாங்கலாம். ஸ்விஃப்ட் போன்ற வண்டிகளில் பின் அச்சு வளைந்தால் திருகிச் சரிசெய்ய ஒரு நட்டுகூடக் கிடையாது. அலைன்மென்ட் கடையில் முன்கூட்டியே ஒரு பிரிண்ட் அவுட் எடுத்து, பின் சக்கரங்கள் எந்தத் திசையைப் பார்க்கின்றன என்று காட்டும் த்ரஸ்ட் ஆங்கிள் என்ற வரி சிவப்பில் வந்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.