லீவு நாள்ல வேலைக்கு கூப்டாங்களா? டபுள் சம்பளம் கேட்டு வாங்குறது எப்படி

நான் சென்னை எம்.சி. ரோட்டுல ஒரு துணிக்கடையில நாலு வருஷம் சேல்ஸ்ல நின்னவ. பழைய வண்ணாரப்பேட்டைக்காரங்களுக்கு சொல்லவே வேணாம், தீபாவளி நெருங்கிட்டா அந்த ரோட்டுல கால் வைக்க எடம் இருக்காது, அதுலயும் அக்டோபர் 2 மாதிரி ஊருக்கே லீவுன்னா கூட்டம் இன்னும் அள்ளும், எங்களுக்கு மட்டும் லீவுன்ற பேச்சே கெடையாது. காலையில ஒம்போதரைக்கு உள்ள போனா ஷட்டர் எறங்க ராத்திரி பதினொன்னு ஆவும். மத்தியானம் ஆளுக்கு ஒரு பிரியாணி பொட்டலம், அவ்ளோதான். அந்த ஒரு நாளுக்கு சட்டப்படி இன்னொரு நாள் சம்பளம் சேர்ந்து வரணும்னு நாலு வருஷமும் எங்க கிட்ட ஒருத்தரும் சொல்லல. எனக்கு யாரும் சொல்லாதத நான் உங்களுக்கு சொல்லிடுறேன்.

மொதல்ல எந்த லீவுன்னு தெளிவா பாத்துக்கோங்க, ஏன்னா இங்கதான் பாதி பேர் கொழம்புறாங்க. கவர்மென்ட் ஆபீஸ் லீவு லிஸ்ட்ல இருக்குற எல்லா நாளும் நமக்கு வராது. தமிழ்நாட்டுல தனியார் கடை, ஓட்டல், கம்பெனி, ஃபேக்டரின்னு எல்லாத்துக்கும் 1958ல வந்த ஒரு சட்டம் இருக்கு, தேசிய, பண்டிகை விடுமுறைகள் சட்டம்னு சொல்லுவாங்க. அதுப்படி வருஷத்துக்கு 9 நாள் சம்பளத்தோட லீவு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 இந்த நாலும் கட்டாயம், மிச்சம் அஞ்சு பண்டிகை நாள். அந்த அஞ்சு எதுன்னு எடத்துக்கு எடம் மாறும், ஒரு எடத்துல ஆயுதபூஜை இருக்கும், இன்னொரு எடத்துல கிறிஸ்துமஸ் இருக்கும். அதனால வருஷம் பொறந்த ஒடனே உங்க கடை லிஸ்ட்ட கேட்டு ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

இப்ப அந்த 9 நாள்ல ஒரு நாள் உங்கள வேலைக்கு வரச்சொல்றாங்கன்னு வைங்க. ரெண்டு வழி இருக்கு. ஒன்னு அன்னிக்கு ரெண்டு மடங்கு சம்பளம், இல்லனா அன்னிக்கு சம்பளமும் வாங்கிட்டு வேற ஒரு நாள் சம்பளத்தோட மாத்து லீவு. இதுல எது வேணும்னு சொல்ற உரிமை வேலை செஞ்சவங்களுக்குத்தான், மொதலாளிக்கு இல்ல. பிரியாணி, பேட்டா, ஸ்வீட் பாக்ஸ் குடுத்தா சந்தோஷமா வாங்கிக்கோங்க, ஆனா அது எதுவும் இந்த கணக்குல வராது.

கணக்கு எப்படின்னா, மாசம் 15,600 ரூபா சம்பளம்னா 26ஆல வகுத்தா ஒரு நாளைக்கு 600. சில எடத்துல 30ஆல வகுத்து 520ன்னு காட்டுவாங்க, குறைஞ்சபட்ச கூலியில நாள் கணக்கு போடுறதே 26ஆலதான், அத சொல்லி கேளுங்க. மாசச் சம்பளத்துல அந்த லீவு நாளோட 600 ஏற்கனவே இருக்கு, அதனால வேலை செஞ்சதுக்கு தனியா இன்னொரு 600 சேர்ந்து 16,200 கைக்கு வரணும். தினக்கூலின்னா லீவு எடுத்தாலே 600 உண்டு, வேலை செஞ்சா 1,200.

இந்த எடத்துலதான் எல்லா சூப்பர்வைசரும் ஒரே மாதிரி பேசுவாங்க. நான் அடுத்து சேந்த கடையில கேட்டப்ப வந்த பதில் இதுதான், "இன்னாம்மா, மாசச் சம்பளம் முழுசா குடுக்குறோமில்ல, லீவு நாளுக்கும் சேத்துதான வாங்குற?" அதுக்கு நான், "அண்ணா, அது வீட்ல இருந்தாலும் வர காசு, நான் வந்து நின்னதுக்கு எங்க காசு?"ன்னு கேட்டேன். அவரால ஒடனே பதில் சொல்ல முடியல. நீங்களும் இத மனசுல வச்சுக்கோங்க, கேக்குற விஷயம் இந்த ஒரு வரிதான்.

வெறும் வாய்ல கேட்டா நிக்காது, அன்னிக்கு வேலைக்கு வந்தோம்னு ஆதாரம் வேணும். ரெஜிஸ்டர்ல அன்னிக்கு "லீவு"ன்னே போட்டு வச்சிருப்பாங்க, நான் பாத்திருக்கேன். நான் என்ன பண்ணேன்னா வீட்ல மாட்டியிருக்குற தினசரி காலண்டர்ல அந்த தேதி தாள கிழிச்சு, பின்னாடி உள்ள போன நேரம், வெளிய வந்த நேரம், கூட நின்னவங்க யார் யாருன்னு எழுதி பர்ஸ்ல வச்சுப்பேன். கடை குரூப்ல "நாளைக்கு எல்லாரும் கண்டிப்பா வரணும்"னு மெசேஜ் போட்டிருந்தா ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. லீவு நாள்ல வேலை வாங்கணும்னா முன்கூட்டியே எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும், அத குடுத்தா அதையும் பத்திரமா வைங்க.

கேக்கும்போது தனியா போவாதீங்க. நாங்க ஏழு பேர் சேந்து போனோம், அதுவும் மாசக் கடைசியில சம்பள ஷீட் போடுறதுக்கு முன்னாடி, கூட்டம் இல்லாத காலை நேரமா பாத்து. பேசிட்டு வந்ததும் வாட்ஸ்அப்லயும் போட்டோம், "சார், அக்டோபர் 2 தேசிய விடுமுறை அன்னிக்கு வேலை செஞ்சோம், 1958 சட்டப்படி டபுள் சம்பளம் சேத்து போடுங்க". அவ்ளோதான், சண்டையே வேணாம். மாத்து லீவு தர்றேன்னு சொல்லி நீங்களும் சரின்னா எந்த தேதின்னு அப்பவே எழுதி வாங்கிடுங்க, "அப்புறம் பாத்துக்கலாம்"னு விட்டா அது வரவே வராது.

மே 1 லீவு கேக்க சில பேர் கூச்சப்படுறாங்க. கூச்சமே வேணாம். இந்தியாவுல மொத மொதல்ல மே தினம் கொண்டாடுனதே 1923ல நம்ம மெட்ராஸ் பீச்சுலதான், நடத்துனவரு சிங்காரவேலர். அதுக்கும் முன்னாடி 1918லயே பெரம்பூர் மில் ஆளுங்க சங்கம் கட்டிட்டாங்க. நம்ம ஏரியாவோட சொத்து இது.

மணலி, எண்ணூர் பக்கம் கான்ட்ராக்ட்ல போறவங்களுக்கு, கான்ட்ராக்டர் கை விரிச்சிட்டா வேலை வாங்குன கம்பெனிக்கும் குடுக்குற பொறுப்பு இருக்கு, அங்கயும் கேளுங்க. அப்புறம் எலக்ஷன் ஓட்டு நாள், அதுவும் சம்பளத்தோட லீவுதான், தினக்கூலி ஆளுங்களுக்கும் சேத்து.

எல்லாம் கேட்டும் தரலனா லேபர் ஆபீஸ்ல மனு குடுங்க. தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்துல இருக்கு, திருவொற்றியூர், தண்டையார்பேட்டைல இருந்து மெட்ரோ ஏறுனா மாறாம நேரா ஏஜி டிஎம்எஸ் ஸ்டேஷன்ல எறங்கலாம். நேர்ல போவ முடியாதவங்க 1100க்கு போன் பண்ணி முதல்வர் ஹெல்ப்லைன்ல புகார் பதியலாம், பதிஞ்ச நம்பர எழுதி வச்சுக்கோங்க. மனுல கடை பேரு, அட்ரஸ், எந்தெந்த தேதி, ஒரு நாள் சம்பளம் எவ்ளோ, பாக்கி எவ்ளோன்னு மட்டும் சுருக்கமா எழுதுனா போதும். ரெண்டு காப்பி எடுத்துட்டு போங்க, ஒன்னுல சீல் போட்டு வாங்காம திரும்பாதீங்க.