ஏற்காட்டுப் பனி ஏன் சாம்பலாக விழுகிறது?

பகோடா பாயின்ட்டில் கண்ணுக்குப் பால் மாதிரி தெரிந்த பனிமூட்டம், படத்தில் சாம்பல் கரைத்த தண்ணீராக விழுந்திருந்தது. விடியற்காலையில் 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய் எடுத்த அத்தனை படமும் அப்படியே.

கேமராவில் கோளாறு இல்லை. எதிரில் நிற்பது பனியா எருமையா என்று உள்ளே இருந்து வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்குத் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் என்றே கணக்குப் போடும். வெள்ளையைக் காட்டினால் வெளிச்சத்தைக் குறைக்கும், கறுப்பைக் காட்டினால் கூட்டும்.

அதனால் பனிக்கு நாம்தான் கூட்டித் தர வேண்டும். அப்பெர்ச்சர் பிரயாரிட்டியில் (லென்ஸ் துளையை நாம் வைப்போம், ஷட்டர் நேரத்தைக் கேமரா வைக்கும்) துளை எஃப் 8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 200 வைத்துக்கொண்டு, பிளஸ்-மைனஸ் பட்டனை அழுத்தியபடி சக்கரத்தை பிளஸ் 1-க்குத் திருப்புங்கள். வெளிச்சம் இரு மடங்காகும்; 1/250 நொடி காட்டிய ஷட்டர் 1/125-க்கு வரும். பனி அடர்த்தி என்றால் நான் 1.7 வரை போவேன். இருண்ட சில்வர் ஓக் தண்டும் மிளகுக்கொடியும் பாதி ஃப்ரேமை அடைத்திருந்தால் பெரும்பாலும் கூட்டத் தேவையிருக்காது.

இதற்கு நேர் எதிர், என் பிழைப்பு. சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளுக்கு வெள்ளிக் கொலுசு படம் எடுத்துத் தருகிறேன். கொலுசைக் கறுப்பு வெல்வெட்டில் வைத்தால் மீட்டர் துணியைத்தான் பார்க்கும். துணி சாம்பலாகும், சலங்கையெல்லாம் வெள்ளைத் திட்டாக வெந்துபோகும். ஆரம்பத்தில் அப்படியே கொடுத்துவிட்டேன். "ஏன் தம்பி, என் சலங்கை எங்க போச்சு?" என்றார் பட்டறைக்காரப் பெரியவர். இப்போது மைனஸ் 1-இல் தொடங்குகிறேன்.

கேமராத் திரையை மட்டும் நம்ப வேண்டாம். வெயிலில் மங்கலாகவும் இருட்டில் பளிச்சென்றும் காட்டி ஏமாற்றும். ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்; படத்தில் இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று இடமிருந்து வலமாக மேடு மேடாகக் காட்டும் வரைபடம் அது. பனிக்கு மேடு வலப்பக்கம் நிற்க வேண்டும், ஆனால் ஓரச் சுவரில் முட்டக் கூடாது. முட்டினால் அந்த இடத்து விவரம் போனதுதான். கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் ரா ஃபைலிலும் ஓரளவுக்கு மேல் மீட்க முடியாது. சலங்கை நுனியில் இரண்டு புள்ளி வெந்தால் போகட்டும், வெள்ளி என்றால் மின்னத்தானே வேண்டும்.

அப்புறம், மலை இறங்குவதற்கு முன் சக்கரத்தைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிடுங்கள். பல கேமராக்களில் அணைத்தாலும் அந்த பிளஸ் அப்படியே நிற்கும். அந்தப் பெரியவரிடம் நான் இரண்டாம் தடவை பேச்சு வாங்கியது அதனால்தான்.