மூன்றாம் முறை வரும் நிலை: டிரா கோருவது எப்படி?

சதுரங்கத்தில் பலகையின் ஒரே நிலை மூன்றாம் முறை வந்தால் டிரா (வெற்றி தோல்வியற்ற முடிவு) கோரலாம். உங்கள் நகர்த்தலால் அப்படி வரப்போகிறது என்று தெரிந்தால் காயைத் தொடாதீர்கள். பல ஆண்டுகள் ஆடிய அனுபவசாலிகளே நகர்த்திவிட்டு, கடிகாரத்தையும் அழுத்திவிட்டு, பிறகுதான் நடுவரான என்னை அழைக்கிறார்கள். காயைத் தொட்டபோதே அந்த நகர்த்தலில் கோரும் உரிமை போய்விட்டது. கண்ணெதிரே ஒருவர் அரைப்புள்ளியை இழப்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.

நகர்த்தலை ஆடாமல் ஸ்கோர் ஷீட்டில் (நகர்த்தல்களைக் குறிக்கும் தாளில்) மட்டும் எழுதுங்கள். கடிகாரத்தை நிறுத்தி நடுவரை அழையுங்கள். "இதை ஆடப்போகிறேன்; நிலை மூன்றாம் முறை வரும்" என்று சொல்லுங்கள். எழுதியதை மாற்ற முடியாது. எதிராளியின் நகர்த்தலால் அந்த நிலை ஏற்கெனவே வந்திருந்தால் எழுதத் தேவையில்லை. உங்கள் முறையிலேயே உடனே கோரலாம்.

தொடர்ச்சியாக மூன்று முறை வர வேண்டும் என்று நினைப்பவர்கள், 1971இல் பியூனஸ் அயர்ஸில் அமெரிக்காவின் ஃபிஷரும் சோவியத் வீரர் பெட்ரோசியனும் ஆடிய மூன்றாம் ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் பாருங்கள். ஃபிஷரின் ராணி 30ஆம் நகர்த்தலில் இ2 கட்டத்துக்கு வந்தது. எச்5க்குப் போய் 32இல் திரும்பியது. அடுத்து டி3க்குப் போனது. இடையில் பெட்ரோசியனின் ராணியும் யானையும் வெவ்வேறு வழியில் நகர்ந்து பழைய இடங்களுக்கே வந்துவிட்டன. பெட்ரோசியனின் கை ஓங்கியிருந்த ஆட்டம் அது! ஃபிஷர் 34ஆம் நகர்த்தலாக மீண்டும் இ2 என்று எழுதி டிரா கோரினார். பாதை வேறு, நிலை ஒன்று. அதுதான் கணக்கு.

காய்கள் ஒரே கட்டங்களில் இருந்தால் மட்டும் போதாது. நகர்த்த வேண்டியவர் அவரேயாக இருக்க வேண்டும். கோட்டை கட்டும் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் மாற்றும்) உரிமையும், ஆன் பாசான் (இரண்டு கட்டம் தாண்டி வந்த சிப்பாயைச் சிப்பாயால்) வெட்டும் வாய்ப்பும் மாறியிருக்கக் கூடாது. கோரிக்கை தவறானால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும். நீங்கள் எழுதிய நகர்த்தலையும் ஆடியே தீர வேண்டும். ஆகவே அழைப்பதற்கு முன் ஸ்கோர் ஷீட்டை ஒருமுறை சரிபாருங்கள்.

சிப்பாய் நகராமல், வெட்டும் விழாமல் இருவரும் 50 நகர்த்தல்கள் ஆடியிருந்தாலும் இதே முறைதான்.

பேசி டிரா செய்வது வேறு: நகர்த்துங்கள், கேளுங்கள், பிறகு கடிகாரத்தை அழுத்துங்கள். மறுத்தவரிடம் திரும்பத் திரும்பக் கேட்பது தொந்தரவு, நடுவர் கண்டிப்பார். குறிப்பிட்ட நகர்த்தலுக்கு முன் பேசி முடிக்கத் தடை உண்டா என்பதையும் போட்டி விதிகளில் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே நிலை 5 முறை வந்தாலோ, சிப்பாய் நகராமல், வெட்டும் விழாமல் இருவரும் 75 நகர்த்தல்கள் ஆடிவிட்டாலோ யாரும் கோராமலே ஆட்டம் டிரா. அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். நான்காம் முறையில் எதிராளி வேறு காயை நகர்த்திவிடலாம்.